கடலுக்கு நாலு செம்பு தண்ணீர்

வீட்டுக்குள் ஒரு சமுத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் அதற்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும் என்று என் அக்காவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அது என்ன சமுத்திரமா, துளசிச் செடியா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள்.

சமுத்திரம் என்று நான் சொல்வது, சென்னையில் அக்கா வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல் மீன் தொட்டியைத்தான். அக்காவின் பையன் பிளஸ் ஒன் படிக்கும்போது பிடிவாதம் பிடித்து வாங்கியது. சாதாரணத் தங்க மீன் அவனுக்கு ஆகாதாம். கடல் மீன்தான் வேண்டுமாம். கொளத்தூருக்கு நாலு நடை நடந்தார்கள். இரண்டு கோமாளி மீன்கள், நாலு இறால், அழுக்கைத் தின்பதற்கென்று ஏழெட்டு நத்தைகள் வந்து சேர்ந்தன. கோமாளி மீனை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஆகையால் கடலில் வலை போட்டுப் பிடித்ததை வாங்க வேண்டுமென்பதில்லை. பையன் கடற்குதிரையும் பவளமும் கூடக் கேட்டான். கடற்குதிரையும் கல் பவளமும் 2001-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்ந்து முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி வளர்க்க முடியாதவர்கள் அவற்றையும் வளர்க்க முடியாது என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தான்.

பிறகு என்ன நடக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியாததா? பையன் பிளஸ் டூ முடித்துக் கோயமுத்தூருக்குக் கல்லூரிக்குப் போய்விட்டான். ஹாஸ்டலில் மீன் தொட்டிக்கு இடமில்லை. தொட்டி கூடத்திலேயே நின்றது. அங்கிருந்து வாட்ஸாப்பில் கேள்வி மட்டும் தவறாமல் வரும்: "அம்மா, உப்பு பார்த்தாயா? தண்ணீர் விட்டாயா?"

தண்ணீர் ஏன் விட வேண்டும் என்பதைச் சமையலறையில் நிற்பவர்களுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் மறந்து போனால் ரசம் சுண்டும், உப்பு சுண்டாது. வேதாரண்யத்து உப்பளத்தில் நடப்பதும் அதுவே, மீன் தொட்டியில் நடப்பதும் அதுவே. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அக்கா வீட்டுத் தொட்டியில் மேலும் கீழுமாக 200 லிட்டர். ஆக, 7 கிலோ உப்பு அதில் கரைந்திருக்கிறது. சென்னை வெயிலில் தண்ணீர் சூடேறாமலிருக்கச் சின்ன மின்விசிறி ஒன்று அதன்மேல் ஓயாமல் வீசுகிறது. அந்தப் புண்ணியத்தில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாகப் போய்விடும். உப்பு ஒரு குன்றிமணி கூடப் போகாது. ஐந்து நாள் பேசாமல் இருந்தால் 180 லிட்டரில் அதே 7 கிலோ, அதாவது லிட்டருக்கு 39 கிராம் ஆகிவிடும். கடலில் பிறந்த பிராணிகளுக்கும் அது கரிக்கும்.

ஆகவே அக்கா தினம் காலையில் காபிக்குப் பால் வைத்த கையோடு நாலு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவாள். செம்பு என்று சொல்கிறேனே தவிர, எவர்சில்வர்தான். அத்தானின் தாயார், எனக்கு அத்தை முறை, ராத்திரி முழுதும் தாமிரச் செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று குடிப்பவர். ஒரு நாள், "வாயில்லா ஜீவனுக்கும் நல்லதுதானே" என்று அந்தச் செம்போடு தொட்டியருகில் போய்விட்டார். அக்கா ஓடிவந்து தடுத்தாள். தாமிரம் கலந்த தண்ணீர் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மீன் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அவை பிடிக்கா.

சரி, நாலு செம்பு தண்ணீர் ஊற்றுவது ஒரு பெரிய வேலையா என்று நீங்கள் கேட்கலாம். அத்தானும் அப்படித்தான் கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்கு அக்கா ஐந்து நாள் போக வேண்டியிருந்தது.

"நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா" என்றார் அத்தான். பார்த்தும் கொண்டார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனால் கடல் மீனுக்கு நல்ல தண்ணீரை ஊற்றுவதாவது என்று, பையன் வைத்துவிட்டுப் போயிருந்த உப்பை அளந்து போட்டுக் கரைத்து, நாலு நாலு லிட்டராக ஐந்து நாளும் ஊற்றிவிட்டார்!

தப்பு அவருடையது என்று சொல்லிச் சிரிக்க வேண்டாம். படித்தவர்கள் பலர் செய்கிற தப்பு அது. மெரீனா பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றினால் என்ன என்று என்னையே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். போனது வெறும் தண்ணீர், வந்தது உப்புத் தண்ணீர் என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? நாலு லிட்டரில் 140 கிராம் உப்பு. ஐந்து நாளைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அக்கா திரும்பி வந்தபோது அளவு 38-ஐத் தாண்டியிருந்தது. ஊற்றாமலே இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! மீன் இரண்டும் மூலையில் போய் ஒதுங்கியிருந்தன. அன்று முதல் அக்கா ஒரு ராத்திரிக்கு மேல் எங்கேயும் தங்கினதில்லை. கிரகப் பிரவேசமா, போய்விட்டு மாலையில் திரும்புவாள். திருப்பதியா, மறுநாள் வந்துவிடுவாள்.

இந்த ஊற்றுகிற சேவகம் இன்று நேற்று வந்ததல்ல. 1846-ல் இங்கிலாந்தில் ஆன்னா தைன் என்ற சீமாட்டி டார்க்கீ கடற்கரையிலிருந்து சில பவளப் பிராணிகளை லண்டனுக்கு எடுத்துப் போய் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அவருடைய புருஷர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்தவர். லண்டனில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரிலேயே காற்றுக் கலக்க வேண்டும். அதற்காகத் திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, காபி ஆற்றுவது போல, அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். ஊற்றியது யார் என்கிறீர்கள்? வீட்டு வேலைக்காரப் பெண்! எஜமானி அம்மாளின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. ஊற்றினவளுக்கு 'வேலைக்காரப் பெண்' என்பதுதான் பெயர். இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். "அவளுக்குச் சம்பளமாவது கொடுத்திருப்பார்கள்" என்றாள்.

இந்த வருஷம் ஆவணியில்தான் விஷயம் முற்றியது. பெங்களூரில் இருக்கும் அக்கா மகளுக்கு இரண்டாவது பிரசவம். தலைப் பிரசவம் தாய் வீட்டில் ஆயிற்று. இப்போது மூத்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதனால் அங்கேயே. அக்கா போய் ஒரு மாதமாவது இருந்தாக வேண்டும். அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, நீ பத்திரிகையில் ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறாயே, தானாகத் தண்ணீர் விடுகிற யந்திரம் இருக்கிறதாமே, ஒன்று பார்த்துக் கொடு. இல்லாவிட்டால் இந்த மீனை யாருக்காவது கொடுத்துவிடு" என்றாள். அதைச் சொன்னபோது அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாகக் கை நிழல் விழுந்ததும் கண்ணாடியருகே ஓடி வரும் மீன்கள் அவை.

கடைக்காரர்கள் அந்தக் கருவியை 'ஏ.டி.ஓ.' என்பார்கள். தண்ணீர் மட்டம் குறைந்ததைத் தானே அறிந்து, பக்கத்துப் பாத்திரத்திலிருந்து நல்ல தண்ணீரை இழுத்து விட்டு, மட்டம் சரியானதும் நிறுத்துவது அதன் வேலை. நான் தைரியமாகப் போய் இருப்பதற்குள் மலிவானதாக ஒன்றை வாங்கினேன். ஒரு மிதவை, ஒரு சின்ன மோட்டார். மிதவை கீழே இறங்கினால் மோட்டார் ஓடும், மேலே வந்தால் நிற்கும். அத்தோடு என் சாமர்த்தியத்தையும் சேர்த்தேன். சின்னக் கேன் வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டும் என்று 60 லிட்டர் டிரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். நாளைக்கு நாலு லிட்டர் என்றால் பதினைந்து நாளைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் அல்லவா?

மூன்றாம் நாள் விடியற்காலையில் டெலிபோன். கூடத்தில் தண்ணீர் நிற்கிறது. டிரம் காலி. ஒரு நத்தை ராத்திரி உலாவப் புறப்பட்டு, மிதவையின்மேல் ஏறி உட்கார்ந்து, அங்கேயே உறங்கிப் போயிருக்கிறது. அதன் கனத்தில் மிதவை மேலே வரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று யந்திரம் நினைத்துக்கொண்டு, டிரம் வற்றும்வரை ஊற்றித் தள்ளிவிட்டது. 35 இருந்த உப்பு 27-க்கு வந்துவிட்டது. மீன்கள் பிழைத்தன. இறால்களில் ஒன்றுதான் மிஞ்சியது. யந்திரம் விற்றவரைக் குறை சொல்வானேன்? 60 லிட்டர் டிரம்மை வைத்தவன் நான்.

அக்கா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தாள். பிறகு, "நான் பெங்களூர் போகவில்லை. அவள் மாமியார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்றாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அப்புறம்தான் நான் விஷயத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். இந்தக் கருவியை வாங்கப் போகிற எல்லோரும், 'இது தண்ணீரை நன்றாக ஊற்றுமா?' என்று கேட்கிறார்கள். ஊற்றுவதற்கு என்ன, எல்லாம் ஊற்றும். 'இதற்குப் புத்தி பேதலித்தால் எதனால் நிற்கும்?' என்றுதான் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போனால் பாதிச் சரக்கு தானாகவே கழிந்துவிடும்.

முதலில் வெறும் மிதவை வால்வு. நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்குமே, அதன் குழந்தை. மின்சாரமே வேண்டாம். நல்ல தண்ணீர்ப் பாத்திரத்தை உயரத்தில் வைத்துவிட்டால் சொட்டுச் சொட்டாக விடும். விலையும் அற்பம். எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஆனால் கடல் தண்ணீர் தெறித்துத் தெறித்து, உப்புப் பூத்து மூடி சரியாக அடையாமல் போகலாம். அப்போது உயரத்தில் இருக்கிற அவ்வளவு தண்ணீரும் இறங்கித்தான் நிற்கும். சிலர் இந்த வால்வைச் சுத்திகரிப்புக் குழாயோடு நேராக இணைத்துவிடுகிறார்கள், நிரப்புகிற வேலையும் மிச்சம் என்று. சகோதரிகளே, அதை மட்டும் செய்ய விடாதீர்கள். டிரம் என்றால் 60 லிட்டரில் நிற்கும். குழாய் எதில் நிற்கும்?

இரண்டாவது, நான் வாங்கின மிதவை ஸ்விட்ச். மூன்றாவது, ஒளிக் கண். இதற்கு அசையும் உறுப்பே கிடையாது. பொட்டு மாதிரி ஒரு கண்ணாடி முனை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி. முனை காற்றில் இருந்தால் அந்த ஒளி உள்ளேயே எதிரொலித்துத் திரும்புகிறது. தண்ணீரில் இருந்தால் வெளியே போய்விடுகிறது. திரும்பினால் தண்ணீர் இல்லை, திரும்பாவிட்டால் இருக்கிறது என்று யந்திரம் கண்டுகொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாசி படிந்தாலும், காற்றுக் குமிழி ஒட்டினாலும், நத்தை தழுவிக்கொண்டாலும் இந்தக் கண்ணும் ஏமாறும். வாரத்துக்கொரு முறை துணியால் துடைத்து, உப்புப் பிடித்திருந்தால் வினிகரில் கழுவ வேண்டும்.

எந்தக் கண்ணானாலும் ஒரு கண் போதாது என்பது நான் கண்ட முடிவு. வேலை செய்வதற்கு ஒன்று; அதற்கு இரண்டு விரற்கடை மேலே, தண்ணீர் அங்கே வரவே கூடாது, வந்தால் மோட்டாரை நிறுத்து என்று சொல்வதற்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஜாதியாக இருந்தால் விசேஷம். ஒளிக் கண்ணை ஏமாற்றுகிற பாசி மிதவையை ஏமாற்றாது. இவற்றுக்கு மேல் ஒரு கடிகாரமும் வேண்டும். மோட்டார் இத்தனை நிமிஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓடினால், கண் என்ன சொன்னாலும் கேட்காமல் தானே நின்று மணி அடிக்க வேண்டும். அக்கா வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மோட்டார் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் விடுகிறது. ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துக் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தோம். மூன்று நிமிஷத்தில் நின்றுவிடு என்று வைத்தால் மிஞ்சி மிஞ்சிப் போனாலும் மூன்று லிட்டர்தான் அதிகமாக விழும். 200 லிட்டரில் மூன்று லிட்டர் என்றால் உப்பு 35-லிருந்து 34½ ஆகும். கடலில் கரைத்த பெருங்காயம்! வேகமான மோட்டார்தான் நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். இந்த வேலைக்குச் சோம்பேறி மோட்டாரே உத்தமம். அதுவும் 12 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால், ஈரக் கையோடு நிற்கிற வீட்டில் பயம் குறைவு.

கடைசிக் காவல், பாத்திரத்தின் அளவு. எல்லாக் கண்ணும் குருடாகி, கடிகாரமும் கெட்டுப்போனாலும் பாத்திரத்தில் இருப்பதற்கு மேல் ஒரு சொட்டு வராது அல்லவா? ஆகையால் மொத்தமும் ஒரே நாளில் தொட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். 20 லிட்டர் கேன் முழுதும் விழுந்தால் உப்பு 32-க்குச் சற்றுக் கீழே வரும். ஜீவன்கள் முகம் சுளிக்கும், பிழைக்கும். 60 லிட்டர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம். 20 லிட்டர் என்றால் ஐந்து நாளைக்கொரு தடவை நிரப்ப வேண்டும். அந்தச் சிரமம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவது போல.

கண்ணை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தொட்டிகளுக்கு அடியில், அலமாரிக்குள், இன்னொரு சின்னத் தொட்டி உண்டு. அதற்கும் 'சம்ப்' என்றுதான் பெயர். நம் வீட்டு வாசலில் பூமிக்குள் மூடி போட்டு இருப்பதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. மேல் தொட்டித் தண்ணீர் விளிம்பில் உள்ள பல் பல்லான அடைப்பின் வழியாக வழிந்து சம்புக்கு இறங்குகிறது. சம்பின் கடைசி அறையில் உள்ள மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. விளிம்பில் வழிந்துகொண்டே இருப்பதால் மேலே மட்டம் எப்போதும் ஒன்றுபோல் இருக்கும். குறைவதெல்லாம் அந்தக் கடைசி அறையில்தான். கண்ணை அங்கேதான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் அது ஒன்றையும் காணாது. மின்சாரம் நின்றால் மேலே இருப்பதில் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். கண்ணுக்குத் தண்ணீர் நிறையத் தெரிவதால் அது சும்மா இருக்கும். கரண்ட் வந்ததும் பழையபடி ஆகிவிடும். ஆகவே மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம். அதற்கென்று சம்பில் காலி இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர்க் குழாயால் உறிஞ்சி ஊற்றின காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தடவை இழுத்துவிட்டால் டின் காலியாகும்வரை அது நிற்காது. அந்த வித்தை இங்கேயும் நடக்கும். கேன் சம்பைவிட உயரத்தில் இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் நுனி சம்புத் தண்ணீரில் முழுகியிருந்தால் கடல் தண்ணீர் பின்னோக்கிக் கேனுக்கு வந்துவிடும். கேனைத் தரையில் வைத்து, குழாய் நுனியைத் தண்ணீருக்கு நாலு விரற்கடை மேலே கட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. மின்சார வயர்களைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டுபோங்கள். வயர் வழியாக ஓடி வரும் சொட்டு அந்தத் தொங்கலில் கீழே விழுந்துவிடும், பிளக்குக்குப் போகாது.

கேனில் விடுகிற தண்ணீர் என்ன தண்ணீர்? போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீர் நல்லதுதான். ஆனால் ருசிக்காக அதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரையோ தாது உப்புக்களையோ திரும்பக் கலக்கிற இயந்திரங்கள் உண்டு. ஒரு டி.டி.எஸ். மீட்டரைத் தோய்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.

இவ்வளவையும் எழுதிவிட்டு யந்திரத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் நியாயமல்ல. தண்ணீர் ஏன் குறைந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஆவியாகப் போனாலும் ஊற்றும், தொட்டியின் மூலையில் ஒட்டு விட்டு உப்புத் தண்ணீர் கசிந்து போனாலும் ஊற்றும். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் உப்புத் தண்ணீரைத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தையும் நல்ல தண்ணீராலேயே நிரப்பும். மேல் தொட்டியின் விளிம்பில் பாசி அடைத்துக்கொண்டு தண்ணீர் கீழே இறங்காவிட்டால், 'அடடா, வற்றிவிட்டதே' என்று மேலும் மேலும் ஊற்றும். பார்வைக்கு மட்டம் சரியாக இருக்கும். உப்பு மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். பால்காரரின் பாலை லாக்டோமீட்டர் வைத்துப் பார்ப்பது போல இதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண் தெரியும். வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேனில் தினம் எவ்வளவு குறைகிறது என்றும் பார்க்க வேண்டும். நாலு லிட்டர் குறைகிற வீட்டில் திடீரென்று எட்டுக் குறைந்தால் என்னவோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது தடவை வாங்கினது ஒளிக் கண் ஒன்று, அதற்கு மேலே காவலுக்கு மிதவை ஒன்று, நேரக் கட்டுப்பாடு, மணி எல்லாம் உள்ளது. விலை முதலாவதைப் போல் ஐந்து மடங்கு. நத்தை ஏறாமலிருக்க இரண்டையும் சுற்றிப் பிளாஸ்டிக் வலை கட்டினேன். கட்டி முடித்ததும் அக்கா, "இது பொய்யை நம்புகிறதா என்று முதலில் பார்" என்றாள். எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்! கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டேன். மோட்டார் ஓடிற்று. ஒன்று, இரண்டு, மூன்று நிமிஷம், நின்றது, கிறீச்சென்று மணி அடித்தது. மறுபடியும் ஓட விட்டு, மிதவையை விரலால் மேலே தூக்கினேன். உடனே நின்றது. "சரி" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலமே ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லச் சொன்னாள்.

பத்து நாள் அக்கா வீட்டில் இருக்கும்போதே ஓட விட்டோம். இரண்டு தடவை கேனை அத்தானே நிரப்பினார். கேனில் பேனாவால் லிட்டருக்கு ஒரு கோடு போட்டிருந்தது. தினம் காலையில் பேப்பர் பார்த்த பிறகு கோட்டைப் பார்த்துக் காலண்டரில் எழுத வேண்டியது. நாலுக்கு வந்ததும் மறுநாள் நிரப்ப வேண்டியது. உப்பு டப்பாவை அக்கா பரண்மேல் போட்டுவிட்டாள். "நீங்கள் கடலுக்கு உப்புப் போட வேண்டாம்" என்றாள். அத்தான் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, அந்தக் கல்யாணத்தை இவள் மறக்கவே மாட்டாளா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் அக்கா கிளம்பினாள். ஸ்டேஷனில் வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள். 'வலை' என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது.

ஆறாம் நாள் ராத்திரி மணி அடித்ததாம். கேன் வற்றிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடும். மூன்று நிமிஷம் கழித்து நின்று கூப்பிடும். அத்தான் அன்று நிரப்ப மறந்துவிட்டார். குக்கர் விசில் என்று அத்தை எழுந்து போய் அடுப்பைப் பார்த்திருக்கிறார். பிறகு இருவருமாகச் சேர்ந்து ராத்திரி பதினொரு மணிக்குக் கேனை நிரப்பியிருக்கிறார்கள். இந்தச் சேதி பெங்களூருக்குப் போகவில்லை. இதைப் படித்தால்தான் அக்காவுக்குத் தெரியும்.

போன வாரம் அங்கே போயிருந்தேன். மீன்கள் இரண்டும் கண்ணாடியருகே வந்து பார்த்துவிட்டு, நான் அக்கா இல்லை என்று திரும்பிவிட்டன. உப்பு 35. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அத்தானின் கோழிக் கிறுக்கல் கட்டத்துக்குக் கட்டம் இருந்தது: 16, 12, 8, 4, நிரப்பியாச்சு. நடுவில் ஒரு நாள், 'மழை. இரண்டுதான் குறைந்தது' என்று ஒரு ஆராய்ச்சிக் குறிப்பு. பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் மட்டும் லிட்டர் கணக்கைக் காணோம். 'பெண் குழந்தை. காலை 5.40. 2.9 கிலோ' என்று எழுதியிருந்தது.